ஹேடியூக் திரும்பி வந்திருக்க வேண்டுமா? எட்வர்ட் ஆபியின் கடைசி நாவல் குறித்து ஒரு விவாதம்

செம்பாறை எழுதியது:

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் ஆபியின் ‘த மங்கி ரெஞ்ச் கேங்’ (1975) நாவலைப் பற்றி இந்தக் களத்தில் அவ்வப்போது பேச்சு எழுவதுண்டு. ஆனால் அதன் தொடர்ச்சியாக, அவர் மறைந்த பின் 1990இல் வெளிவந்த ‘ஹேடியூக் லைவ்ஸ்!’ பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை. அமெரிக்க விமரிசகர்களில் பலரும் அதை ஒரு பத்தியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். இது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். யூட்டா, அரிசோனா மாநிலங்களில் பரந்து கிடக்கும் செம்பாறைப் பாலைநிலத்தைச் சாலைகளும் சுரங்கங்களும் அணைகளும் தின்றுகொண்டிருக்கின்றன. அதைப் பொறுக்காத நான்கு பேர் ஓர் ஆற்றுப் பயணத்தின்போது கூடுகிறார்கள். நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளைக் கொளுத்துவதை இரவுப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் அறுவை மருத்துவர் டாக் சார்விஸ். அவருடைய உதவியாளரும் காதலியுமான, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்த பானி ஆப்சக். மூன்று மனைவியரோடு வாழ்ந்தும் வீட்டில் தலைகாட்டாததால் ‘செல்டம் சீன்’ என்ற பட்டப்பெயர் பெற்ற படகோட்டி ஸ்மித். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஜார்ஜ் வாஷிங்டன் ஹேடியூக். ஹேடியூக் சாலைத் தூரத்தை மைலில் அளப்பதில்லை. எத்தனை பீர் டப்பாக்கள் காலியாகின்றன என்றுதான் அளப்பான். நால்வரும் நில அளவைக் குச்சிகளைப் பிடுங்குகிறார்கள், புல்டோசர்களைச் செயலிழக்கச் செய்கிறார்கள், பாலங்களைக் குறிவைக்கிறார்கள். ஆட்கள்மேல் மட்டும் கைவைப்பதில்லை என்பது அவர்களுக்குள் உள்ள கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றப் படும் பாட்டில்தான் நாவலின் நகைச்சுவையில் பாதி பிறக்கிறது.

இரண்டாவது நாவலில் அவர்களுக்கு வயது கூடியிருக்கிறது. டாக்கும் பானியும் மணம் முடித்துப் பிள்ளை பெற்றுவிட்டார்கள்; பானி மீண்டும் கருவுற்றிருக்கிறாள். ஸ்மித் குடும்பத்தோடு அமைதியாக இருக்க விரும்புகிறார். இறந்துவிட்டதாக ஊரே நம்பும் ஹேடியூக் மட்டும் அடங்கவில்லை. கிராண்ட் கேன்யன் பக்கத்து நிலத்தில் யுரேனியத்துக்காகக் ‘கோலியாத்’ என்ற நடக்கும் ராட்சத இயந்திரம் ஒன்று இறங்குகிறது. அதைத் தடுக்கப் பழைய கூட்டாளிகளைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

இந்த நாவலில் சிரிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது போல ஆபி களைத்துப்போனதால் அது நேரவில்லை. 1975இல் அந்த நால்வரும் கற்பனை மனிதர்கள். 1989க்குள் அவர்களைப் படித்துவிட்டுக் களத்தில் இறங்கிய நூற்றுக்கணக்கானோர் உருவாகிவிட்டார்கள். தான் எழுதிய வேடிக்கைக்காக வேறொருவன் சிறைக்குப் போகக்கூடும் என்று அறிந்த எழுத்தாளன் முன்பு போல விளையாட முடியாது. நாவலில் தெரிகிற தடுமாற்றம் அந்த அறிவிலிருந்து வருகிறது என்றே நான் படிக்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நள்ளிரவு வாசகி எழுதியது:

செம்பாறை, உங்கள் அன்பு நாவலின் தகுதியை மீறிப் போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவது நாவலில் நல்ல பகுதிகள் உண்டு, ஆனால் அவை சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஆமை காலையிரை தேடி மெதுவாக ஊர்ந்து வர, அதன்மேல் புல்டோசர் மண்ணைத் தள்ளிப் புதைக்கும் முதல் அத்தியாயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். அதில் ஒரு மனிதக் குரலும் தேவைப்படவில்லை. கள்ளிப்பழத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிராணியின் உயரத்திலிருந்தே இயந்திரத்தைப் பார்க்கிறோம். அத்தகைய கவனம் அதற்குப் பிறகு எத்தனை பக்கங்களில் இருக்கிறது?

பானியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாவலில் நால்வரில் மிகக் கூர்மையான நாக்கு அவளுடையது. இரண்டாவதில் அவள் பெரும்பாலும் ‘நான் தாய், என்னால் வர முடியாது’ என்பதற்கும் ‘சரி, வருகிறேன்’ என்பதற்கும் இடையில் ஊசலாடுகிறாள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் எரிக்கா என்ற இளம்பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்கள் அவளைப் பார்த்து வாய் பிளப்பதற்காகவே அவள் கதைக்குள் வருகிறாள். ‘எழுத்தாளன் தன் பொறுப்பை உணர்ந்துவிட்டான்’ என்ற விளக்கம் இதற்குப் பொருந்துமா?

மதகடி எழுதியது:

நான் பாசனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அணைகளோடே என் வேலைக்காலம் கழிந்தது. ஆகவே இந்த நாவல்களை மற்றவர்கள் படிக்கும் மனநிலையில் நான் படித்திருக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும், ஆபி வெறுத்த கிளென் கேன்யன் அணை 710 அடி உயரம் கொண்டது. 1963இல் அதன் மதகுகள் மூடப்பட்டன. அதன் பின்னால் தேங்கிய பவல் ஏரி முழுக் கொள்ளளவை எட்ட 1980 வரை ஆயிற்று. 17 ஆண்டுகள் நிரம்பிய அந்த நீருக்கடியில்தான் ஆபியும் அவர் நண்பர்களும் படகில் கண்ட பக்கப் பள்ளத்தாக்குகள் மூழ்கின. முதல் நாவலில் படகோட்டி ஸ்மித் அணையின்மேல் மண்டியிட்டு, இந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன நிலநடுக்கத்தை அனுப்பக் கூடாதா என்று கடவுளிடம் கேட்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இரண்டு நாவல்களுக்கும் நடுவில் அந்த வேண்டுதல் ஏறக்குறைய நிறைவேறியது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். 1983இல் கொலராடோ ஆற்றின் மேல்பகுதிகளில் பனி தாமதமாகவும் வேகமாகவும் உருகியது. ஏற்கெனவே ஏரி ஏறத்தாழ நிறைந்திருந்தது. வெள்ளத்தை வெளியேற்ற மலைக்குள் குடையப்பட்ட உபரிநீர்ச் சுரங்கங்களைத் திறந்தார்கள். மிகை வேகத்தில் பாயும் நீரில் வெற்றிடக் குமிழ்கள் தோன்றி உடைவதால் காங்கிரீட் பூச்சு அரிக்கப்படும். எங்கள் துறையில் இதற்கு அஞ்சாதவர் இல்லை. அப்படியே நடந்தது. பூச்சு பிய்ந்தது, பின்னால் இருந்த மணற்பாறை கரைந்தது, சுரங்கத்தின் வாயிலிருந்து நீர் செந்நிறமாகக் கற்களோடு பீய்ச்சியது. சுரங்கங்களை மூடினால் ஏரி மதகுகளுக்குமேல் வழியும். திறந்தால் மலை அரிக்கப்படும். கடைசியில் மதகுகளின் மேல்விளிம்பில் 4 அடி உயரத்துக்கு ஒட்டுப்பலகைகளை நிறுத்தினார்கள். பின்பு 8 அடி எஃகுத் தகடுகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்றை அந்த நாட்களில் தச்சுப்பட்டறைப் பலகைதான் தாங்கிப் பிடித்தது. ஆபியைவிட நன்றாக நகைச்சுவை எழுதக்கூடிய ஓர் எழுத்தாளர் இருந்தார் என்றால் அது அந்த ஆறுதான்.

என் கேள்வி இதுதான். இப்படி ஒரு சம்பவம் கைவசம் இருந்தும் தொடர்நாவலில் ஆபி அணையை விட்டுவிட்டு யுரேனியச் சுரங்கத்துக்குப் போனது ஏன்?

எதிர்வழக்கு எழுதியது:

மதகடி ஐயா, அணை கட்டி முடிந்துவிட்டது. சுரங்கம் இனிமேல்தான் வரவிருந்தது. 1980களில் கிராண்ட் கேன்யனுக்கு வடக்கே உள்ள ‘அரிசோனா ஸ்ட்ரிப்’ பகுதியில் யுரேனியத் தேடல் மும்முரமாக நடந்தது. ஆபி கண்முன் கண்டதையே எழுதினார். போராடுபவனுக்கு நடந்து முடிந்த தோல்வியைவிட நடக்கவிருக்கும் தோல்வியே முக்கியமாகப் படும் அல்லவா?

செம்பாறை சொன்ன மையக் கருத்துக்கு வருகிறேன். அதை ஓரளவு ஏற்கிறேன், ஆனால் காலவரிசையைச் சரியாக வைத்துப் பார்க்க வேண்டும். டேவ் ஃபோர்மன் முதலானோர் 1980இல் ‘எர்த் ஃபர்ஸ்ட்!’ என்ற தீவிரச் சூழலியல் அமைப்பைத் தொடங்கினார்கள். 1981 மார்ச் 21 அன்று கிளென் கேன்யன் அணையின் சுவரில் 300 அடி நீளக் கறுப்பு பிளாஸ்டிக் சுருளை அவிழ்த்துவிட்டார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் அணை பிளந்தது போலத் தோன்றியது. ஒரு செங்கல்லும் உடையவில்லை. ஆபி அங்கே வந்து உரையாற்றினார். அதுதான் அவருடைய நகைச்சுவை நிஜ உலகில் மிகச் சரியாக மொழிபெயர்க்கப்பட்ட தருணம். 1985இல் ஃபோர்மன் தொகுத்த நாசவேலைக் கையேட்டுக்கு ஆபி முன்னுரையும் எழுதிக் கொடுத்தார். 1987இல் கலிஃபோர்னியாவின் ஒரு மர அறுவை ஆலையில், மரம் வெட்டுவதைத் தடுக்கப் போராளிகள் அடிப்பது போல மரத்துக்குள் அடிக்கப்பட்டிருந்த ஆணியில் ரம்பம் மோதி உடைந்து தொழிலாளி ஒருவர் படுகாயமடைந்தார். அந்த ஆணியை அடித்தது யார் என்பது நிறுவப்படவில்லை. ஆனாலும் இயந்திரத்துக்கு மட்டும் தீங்கு, மனிதனுக்கு இல்லை என்ற கோடு தாளில் இருப்பது போலத் தரையில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்று அன்று எல்லோருக்கும் விளங்கிற்று.

ஆபி 1989 மார்ச் 14 அன்று இறந்தார். மே 30 அன்று அரிசோனாவில் மின்கோபுரம் ஒன்றின் காலை அறுத்துக்கொண்டிருந்தவர்களை எஃப்.பி.ஐ. சுற்றி வளைத்தது, அவர்களோடு ஓராண்டுக்கு மேல் நண்பனாகப் பழகி அங்கே கூட வந்திருந்தவர் எஃப்.பி.ஐ. முகவர். மறுநாள் காலை ஃபோர்மன் தம் வீட்டில் கைதானார். வழக்கு 1991இல் பிரெஸ்காட் நகரில் நடந்தது. ஆக, சிறைக்குப் போகிறவர்களைப் பார்த்து ஆபி தடுமாறினார் என்று சொல்ல முடியாது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஆயினும் தொடர்நாவலில் ‘எர்த் ஃபர்ஸ்ட்!’ கூட்டத்துக்குள் உளவாளி நுழைந்திருப்பதாக எழுதியிருக்கிறார். நெருப்பைப் பார்க்கும் முன்பே புகையை முகர்ந்துவிட்டார் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

செம்பாறை எழுதியது:

காலவரிசையைத் திருத்தியதற்கு நன்றி. என் கருத்து அதனால் வலுவடைகிறது என்றே எனக்குப் படுகிறது. ஒன்றையும் சேர்க்கிறேன். ஆபி நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 1959இல் அளித்த முதுகலை ஆய்வேட்டின் பொருளே அரசின்மைவாதமும் வன்முறையின் அறமும்தான். புகழ்பெற்ற அரசின்மைவாதச் சிந்தனையாளர்கள் வன்முறைக்குப் போதுமான நியாயத்தை நிறுவத் தவறிவிட்டார்கள் என்பதே அவர் அதில் வந்தடைந்த முடிவு. வாழ்நாள் முழுவதும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்த கேள்வி அது. அதைத் தத்துவமாக எழுதி முடியாதபோதுதான் அவர் கோமாளித்தனத்தின் பக்கம் போனார்.

முதல் நாவலின் இறுதியில் வரும் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நால்வரையும் வேட்டையாடிக்கொண்டு வரும் பிஷப் லவ், சாலை ஒப்பந்தம், நிலம், சுரங்கம் என எல்லாவற்றிலும் கைவைத்திருக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதர். தேடுதல் குழுவை நடத்தி வரும் வழியில் அவருக்கு மாரடைப்பு ஏற்படுகிறது. அந்தப் பாறைக்காட்டில் சுற்று வட்டாரத்தில் இருக்கும் ஒரே மருத்துவர், அவர் துரத்தி வந்த டாக் சார்விஸ்தான். தப்பி ஓட வழி இருந்தும் டாக் இறங்கிச் சென்று சிகிச்சை அளிக்கிறார், அதனாலேயே பிடிபடுகிறார். பானியும் அவரோடு போகிறாள். இது வேடிக்கையாகவும் இருக்கிறது, அந்த நாவலின் அறம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் அரசனைக் கேலி செய்துகொண்டே கதையின் நியாயத்தையும் சொல்லிவிட்டுப் போவதில்லையா, அந்த வேலையை இங்கே பிஷப்பின் மாரடைப்பு செய்துவிடுகிறது.

தொடர்நாவலில் அத்தகைய ஒரு காட்சி இல்லை என்பதை நள்ளிரவு வாசகியிடம் ஒப்புக்கொள்கிறேன். மோதல் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் நிகழாமல், மனிதனுக்கும் கோலியாத்துக்கும் இடையில் நிகழ்கிறது. இயந்திரத்துக்கு மாரடைப்பு வராது.

இழுவாளி எழுதியது:

நான் சுரங்க இயந்திரங்களோடு வேலை செய்தவன். இலக்கியம் பேச வரவில்லை, கோலியாத்தைப் பற்றிப் பேச வந்தேன். பலர் அதைக் கற்பனை அசுரன் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். கற்பனை அவ்வளவாக இல்லை. ஒகையோ மாநிலத்தில் ‘பிக் மஸ்கி’ என்ற இழுவாளி இயந்திரம் 1969 முதல் 1991 வரை நிலக்கரி மேல்மண்ணை அகற்றிக்கொண்டிருந்தது. எடை 13,000 டன்னுக்கு மேல்; ஒரே வாளியில் 220 கன கஜம் மண் அள்ளும். 1999இல் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கியபோது வாளியை மட்டும் நினைவுச்சின்னமாக வைத்துக்கொண்டார்கள். நெய்வேலியில் நம்மவர்கள் பார்த்திருக்கும் வாளிச்சக்கர இயந்திரம் வேறு வகை. அது சக்கரத்தைச் சுழற்றி மண்ணைச் சுரண்டும், இழுவாளியோ நீண்ட கையிலிருந்து கம்பிவடத்தில் வாளியைத் தொங்கவிட்டு, வீசி, தன்னை நோக்கி இழுத்து அள்ளும்.

அது நடப்பதும் உண்மைதான். சக்கரமோ சங்கிலிப்பட்டையோ கிடையாது. வேலை செய்யும்போது வட்டமான பெரிய அடித்தட்டின்மேல் அமர்ந்திருக்கும். நகர வேண்டியபோது இருபுறமும் உள்ள மாபெரும் ‘செருப்புகள்’ தரையில் ஊன்றி, இயந்திரம் முழுவதையும் சற்றே தூக்கி, ஓர் அடி வைத்து, மீண்டும் உட்கார வைக்கும். அப்புறம் அடுத்த அடி. மணிக்கு ஒரு மைல்கூட நகராது. மின்சாரம் தரையில் இழுபடும் தடித்த கேபிள் வழியாக வரும். இப்போது நினைத்துப் பாருங்கள்: கதையில் வில்லன் இந்த வேகத்தில் வருகிறான், வீரர்கள் அவனுக்கு முன்னால் நடந்தே போய்விடலாம். கார்த் துரத்தல்களைக் காட்டிய முதல் நாவலுக்குப் பிறகு, உலகத்திலேயே மெதுவான துரத்தலை ஆபி எழுதியிருக்கிறார். ஆமையிலிருந்து கதை தொடங்குவது தற்செயலாக இருக்காது.

இன்னொன்று. யுரேனியத் தாது அந்தப் பகுதியில் செங்குத்தான குழாய் போன்ற பாறை அமைப்புகளில் கிடைக்கிறது. குழி இறக்கித்தான் எடுப்பார்கள். நிலக்கரிக்கு உகந்த இழுவாளியை அங்கே கொண்டு வருவது தொழில்முறையில் அர்த்தமற்றது. ஆபிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பெரிதாக ஏதாவது வேண்டும் என்பதற்காகவே அதைக் கொண்டு வந்திருக்கிறார். அதன் முடிவு என்ன ஆகிறது என்பதைப் படிக்காதவர்களுக்காக இங்கே சொல்லவில்லை.

புதுப்பக்கம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையைப் படித்துத்தான் இந்த எழுத்தாளரைப் பற்றி அறிந்தேன். இரண்டு நாவல்களிலும் இயந்திரங்களை எப்படிச் செயலிழக்கச் செய்கிறார்கள் என்பது விவரமாக வருகிறதா? அவையெல்லாம் உண்மையில் பலிக்கக்கூடியவையா என்று அறிய ஆவலாக இருக்கிறது.

மட்டுறுத்துநர் எழுதியது:

புதுப்பக்கம் அவர்களுக்கு வரவேற்பு. செய்முறை விவரங்களை இக்களத்தில் பேச இடமில்லை. நாவலைப் பற்றிய பேச்சு தடையின்றித் தொடரட்டும்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

இழுவாளி அண்ணா எழுதியதைப் படித்தபின் எனக்கு ஆமையின்மேல் மட்டுமல்லாமல் கோலியாத்தின் மீதும் சற்று இரக்கம் வந்துவிட்டது. அவர் கடைசியில் சொன்ன தொழில்நுட்பக் குறிப்புதான் என் பெரிய மனக்குறைக்கு வழி திறக்கிறது.

யுரேனியம் என்றதும் அந்த நிலப்பரப்பில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் நவஹோ பழங்குடி மக்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் அவர்களுடைய ஆண்கள் காற்றோட்டம் இல்லாத குழிகளில் தாது வெட்டினார்கள்; நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். 1979 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவின் சர்ச் ராக் என்ற இடத்தில் யுரேனிய ஆலைக் கழிவுநீரைத் தேக்கிய கரை உடைந்து, 1,100 டன் கழிவும் 9 கோடி கேலனுக்கு மேற்பட்ட நச்சுநீரும் புயர்க்கோ ஆற்றில் இறங்கின. அந்த ஆற்றில்தான் அவர்களுடைய ஆடுகள் தண்ணீர் குடித்தன. கைவிடப்பட்ட 500க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இன்றும் அவர்கள் நிலத்தில் கிடக்கின்றன. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1990இல் நிறைவேற்றியது. அது ‘ஹேடியூக் லைவ்ஸ்!’ வெளிவந்த அதே ஆண்டு!

யுரேனியத்தைப் பற்றிய நாவலின் மையத்துக்கு அத்தகைய ஒரு குடும்பம்கூட வரவில்லை. ஆபிக்கு அந்த நிலம் காலியான நிலம். அதன் அழகே அதில் ஆள் இல்லாததுதான். அந்த ஆள் இல்லாமை எப்படி உண்டாக்கப்பட்டது என்ற கேள்வி அவருக்குத் தொந்தரவு தரவில்லை. அவருடைய 1988ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொகுப்பில் லத்தீன் அமெரிக்கக் குடியேற்றத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் இந்த மனப்போக்கு நாவலோடு நிற்கவில்லை என்பது விளங்கும். பாறையின் நிறம் மாறுவதை மணிக்கு மணி கவனிக்கத் தெரிந்தவர் மனிதர்களை இப்படி மொத்தமாகத் தள்ளியது ஏன் என்று நான் அவரைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சலடைகிறேன். படிப்பதை நிறுத்தவும் முடியவில்லை, அது வேறு.

செம்பாறை எழுதியது:

இதில் நான் உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் அந்த விமரிசனத்தை ஆபி தம் காலத்திலேயே கேட்டார் என்பதையும், அதற்கு எதிர்வினையைத் தொடர்நாவலுக்குள்ளேயே வைத்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சமூகச் சூழலியல் சிந்தனையாளர் மர்ரி புக்சின் 1987 முதல் ஃபோர்மனையும் அவர் சார்ந்த போக்கையும் கடுமையாகத் தாக்கினார். மனிதச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகளை மறந்துவிட்டு மனித இனத்தையே குற்றவாளியாக்குகிறீர்கள் என்பது அவர் வாதம். ஆபி அவரைப் ‘பெர்னி முஷ்கின்’ என்ற பெயரில் நாவலுக்குள் கொண்டு வந்து கேலி செய்துவிட்டார்.

எதிர்வழக்கு எழுதியது:

கேலி செய்தார், பதில் சொல்லவில்லை. வழக்குமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் மூக்கைப் பற்றிப் பேசுவதும் அவர் எழுப்பிய ஆட்சேபத்துக்கு விடையளிப்பதும் ஒன்றாகாது. தொடர்நாவலின் மிகப் பலவீனமான இடம் அதுதான்.

சட்டம் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். ஹேடியூக்குக்கு மாதிரி ஆபியின் நண்பர் டக் பீகாக் என்பதும், செல்டம் சீன் ஸ்மித்துக்கு மாதிரி படகோட்டி கென் ஸ்லைட் என்பதும் ஊரறிந்தவை. இந்த ஸ்லைட் கதையில் வருவது போல அணைமேல் மண்டியிட்டுக்கொண்டு நிற்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். கிளென் கேன்யன் அணைக்கு வழிவகுத்த 1956ஆம் ஆண்டுச் சட்டமே, நீர்த்தேக்கம் எந்தத் தேசிய நினைவிடத்துக்குள்ளும் (அரசு பாதுகாக்கும் இயற்கை, வரலாற்று இடங்களுக்கு அங்கே வழங்கும் பெயர்) புகக் கூடாது என்று சொல்லியிருந்தது. ஏரி நிரம்ப நிரம்ப நீர் அத்தகைய நினைவிடமான ‘ரெயின்போ பிரிட்ஜ்’ என்ற இயற்கைக் கல்வளைவின் கீழ் ஏறிற்று. ஸ்லைட்டும் சூழலியல் அமைப்புகளும் வழக்குத் தொடுத்துக் கீழ்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1973இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். பாதுகாப்புப் பணிக்கு நாடாளுமன்றம் தொடர்ந்து நிதி மறுத்துவிட்டதால் அந்த வாக்குறுதியே காலாவதியாகிவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். எழுதி வைத்த சட்டத்தை எழுதியவர்களே பணம் ஒதுக்காமல் செல்லாததாக்கலாம் என்று ஒரு நீதிமன்றம் சொன்ன இரண்டாம் ஆண்டில்தான் முதல் நாவல் வெளிவந்தது. அந்தச் சிரிப்பில் இருக்கும் கசப்புக்கு இதைவிட நேரடியான காரணம் தேட வேண்டியதில்லை.

மதகடி எழுதியது:

அருமையான தகவல். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இவை ‘சிறு ஆட்சேபங்கள், தீர்த்துவைக்கப்பட்டன’ என்று கோப்பில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

ஏரியின் இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். 2000க்குப் பின் வந்த நீண்ட வறட்சியில் பவல் ஏரி இறங்கிக்கொண்டே வந்து, 2023இல், நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிந்தைய மிகத் தாழ்ந்த மட்டத்தைத் தொட்டது. மூழ்கிய பக்கப் பள்ளத்தாக்குகள் பலவும் வெளியே வந்தன. அவற்றில் வில்லோ மரங்கள் துளிர்த்திருப்பதை நேரில் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆபியின் நால்வரும் வெடிமருந்தால் செய்ய நினைத்ததைக் காலநிலையும் மிகையான நீர்ப் பங்கீடும் சேர்ந்து செய்துகொண்டிருக்கின்றன. அந்த ஏரியை நம்பிக் கீழே விவசாயம் செய்பவர்களையும் நினைக்கிறேன், ஆகவே என்னால் இதைக் கொண்டாட முடியவில்லை. நாவலில் விவசாயிக்கு இடம் இல்லை. நள்ளிரவு வாசகியின் புகாரோடு என் புகாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வழக்கு எழுதியது:

சுரங்கத்தின் பின்கதையும் சுருக்கமாக: கிராண்ட் கேன்யனைச் சுற்றிச் சுமார் 10 லட்சம் ஏக்கரில் புதிய சுரங்க உரிமை கோருவதற்கு 2012இல் 20 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, 2023இல் அந்தப் பகுதி தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக முன்னின்று வாதாடியவர்கள் ஹவசுபாய் உள்ளிட்ட பழங்குடி மக்கள். ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த சுரங்கம் ஒன்று அந்த எல்லைக்குள்ளேயே தாது எடுக்கத் தொடங்கிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆபியின் வாரிசு யார் என்று கேட்டால் நான் டிம் டிகிறிஸ்டோஃபரைச் சொல்வேன். 2008 டிசம்பரில் யூட்டாவில் எண்ணெய் எடுப்பதற்காகப் பொதுநிலங்கள் ஏலம் விடப்பட்டபோது இந்த மாணவர் உள்ளே போய், 70ஆம் எண் அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, சுமார் 18 லட்சம் டாலருக்கு 22,000 ஏக்கருக்கு மேல் ஏலம் எடுத்துவிட்டார். கையில் பணம் கிடையாது. ஏலம் குழம்பியது. 2011இல் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு திருகாணியும் கழற்றப்படாத நாசவேலை. ஆபி உயிரோடிருந்து இதை நாவலாக எழுதியிருந்தால் நம்ப முடியாத கதை என்று சொல்லியிருப்போம்.

புதுப்பக்கம் எழுதியது:

என் முந்தைய கேள்வியை மட்டுறுத்துநர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன். இப்போது வேறொரு கேள்வி. எந்த நூலில் தொடங்குவது? தொடர்நாவலை முதலிலேயே படித்தால் குழப்பம் வருமா?

செம்பாறை எழுதியது:

வரும். முதலில் ‘த மங்கி ரெஞ்ச் கேங்’. இயன்றால் அதற்கும் முன்பு, ஆர்ச்சஸ் பகுதியில் வனக்காவலராக 1956, 1957 பருவங்களில் தனியாக இருந்ததை வைத்து அவர் எழுதிய ‘டெசர்ட் சாலிட்டேர்’ (1968). எதைக் காப்பாற்ற இந்த நால்வரும் இவ்வளவு பைத்தியக்காரத்தனம் செய்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. இரண்டாவது நாவலைப் படிக்கும்போது ஆசிரியருடைய நிலையையும் மனத்தில் கொள்ளுங்கள். 1982இலேயே மருத்துவர்கள் சில மாதங்கள்தான் என்று கெடு விதித்து, அந்தக் கணிப்பு பிசகாகிப் போன மனிதர். உணவுக்குழாய் இரத்தக்கசிவு இறுதிவரை அவரை விடவில்லை. இறந்தபின் உடலைப் பதப்படுத்தக் கூடாது, சவப்பெட்டி கூடாது என்று எழுதி வைத்திருந்தார். பீகாக்கும் மற்ற நண்பர்களும் உறங்கும் பையில் சுற்றி, பிக்கப் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சட்டத்துக்குப் புறம்பாகப் பாலைவனத்தில் புதைத்தார்கள். இடம் வெளியில் சொல்லப்படவில்லை. கல்லில் பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே ‘கருத்து ஏதுமில்லை’ என்று செதுக்கியிருக்கிறார்கள்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

புதுப்பக்கம், அவர் சொன்ன வரிசை சரிதான். ஆனால் இரக்கத்தோடு படியுங்கள் என்ற பரிந்துரையை மட்டும் ஏற்காதீர்கள். நோயாளி எழுதினார் என்பதற்காக எரிக்கா நல்ல பாத்திரமாகிவிட மாட்டாள். முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள். அந்த ஆமைக்காக ஒரு தனி இழை தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

இழுவாளி எழுதியது:

தொடங்குங்கள். இயந்திரத் தரப்பில் நான் வருகிறேன்.